மூச்சை எடுக்க வந்தவள்

"மூச்சுச் சத்தத்தை எப்படி எடுக்கிறது?" என்று கேட்டாள் கமலவேணி.

"யாரோட மூச்சு?" என்றாள் ஜெனோவா.

"என்னோடதுதான்."

"எவ்வளவு எடுக்கணும்?"

"மொத்தமும்."

ஜெனோவா தலையாட்டினாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்படியே கமலவேணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலவேணி காத்திருந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தாள்.

ஜெனோவா சொல்லவில்லை. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

"போதும், விடுங்க!" கமலவேணி பதறி எழுந்துவிட்டாள்.

ஜெனோவா புஸ்ஸென்று மூச்சை விட்டாள். மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"எதுக்கு எழுந்தீங்க?"

"பயமா இருந்துச்சு."

"சரி. அடுத்த வாரம் வாங்க, டீச்சர்."

அன்றைய பாடம் அவ்வளவுதான்.

*

ஜெனோவா சென்னையில் சினிமா டப்பிங் கூடங்களில் ஒலிப்பதிவு செய்தவள். கல்யாணத்துக்குப் பிறகு திருச்சிக்கு வந்து, பொன்மலையில் ரயில்வே பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருந்தாள். வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். யூடியூபில் சமையல் சொல்பவர்கள், ஜாதகம் சொல்பவர்கள், பிரசங்கம் செய்பவர்கள் என்று யார் யாரோ மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு அவளைத் தேடி வந்தார்கள். கேள்வி ஒன்று கேட்டால் பதில் வேறு எங்கிருந்தோ வரும் என்பார்கள். ஆனாலும் போனவர்கள் மறுபடியும் போனார்கள்.

பட்டறைச் சங்கு ஊதினால் அவள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள். சங்கு அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்பாள். புதிதாக ஒரு பாட்டைக் கேட்பதுபோல ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

'ஒலிப்பதிவு சொல்லித்தருகிறவள் இந்த இரைச்சலுக்குப் பக்கத்திலா குடியிருப்பாள்?' என்று கமலவேணிக்கு முதல் நாளே தோன்றியது. கேட்கவில்லை.

கமலவேணி வரலாற்று ஆசிரியை. திருவரங்கத்தில் ஒரு பள்ளியில் வேலை. ஜெனோவாவைவிடப் பதினெட்டு, இருபது வயது மூத்தவள். அதனால் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. 'மேடம்' வாயில் வரவில்லை, பேர் சொல்லவும் கூச்சமாக இருந்தது. கடைசியில் பொதுவாக 'நீங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காக அவள் வரலாற்றுப் பாடங்களை வாசித்து யூடியூபில் போட்டு வந்தாள். படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, அதில் பாடத்தின் பெயர், அவளுடைய குரல். சில வருடங்களாக நிற்காமல் நடந்தது. கேட்பவர்களில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை.

சென்ற வருடம் தைராய்டு கட்டிக்காகத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. "சின்ன ஆபரேஷன். முடிஞ்சதும் வந்துடுவேன், எனக்காக வேண்டிக்கோங்க" என்று ஒரு பாடத்தின் முடிவில் சொல்லிவிட்டுப் போனாள். குரல் போய்விடுமோ என்று பயந்தாள். போகவில்லை. கொஞ்சம் கரகரப்போடு திரும்பி வந்தது.

மூச்சுதான் மாறிப்போயிருந்தது.

முன்பும் வாசிக்கும்போது மூச்சு இழுத்தவள்தான். அதை அவள் கவனித்ததே இல்லை. இப்போது அது குக்கரில் ஆவி கிளம்புவதற்கு முந்தைய சீறல்போலக் கேட்டது. திரும்பி வந்ததும் போட்ட முதல் பாடத்தின் கீழே, வழிதவறி வந்த யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: 'இருட்டுல யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு. பேய்ப் படமா?'

கூடவே சிரிக்கும் பொம்மைகள்.

கமலவேணி அந்தப் பாடத்தையே நீக்கிவிட்டாள். அதற்குப் பிறகு பதிவு செய்த எதிலும் மூச்சை விட்டுவைக்கவில்லை. கணினித் திரையில் சொற்களுக்கு நடுவே மூச்சு ஒரு சின்ன எறும்புப் புற்றுபோலத் தெரியும். ஒவ்வொன்றாகத் தேடி வெட்டினாள். வெட்டிய இடத்தை ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே கரைந்தன.

அப்படியும் அங்கங்கே மிச்சம் கேட்டது. மென்பொருளைக் கொண்டு துடைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. கேட்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அதற்காகத்தான் பொன்மலைக்கு வந்தாள்.

*

அடுத்த வாரம் போனபோது ஜெனோவா மூச்சைப் பற்றிப் பேசவே இல்லை.

"எந்த ரூம்ல பதிவு பண்றீங்க?"

"ஹால்ல. பெருசா, அமைதியா இருக்கும்."

"வீட்டுக்குப் போய் ஒவ்வொரு ரூம்லயும் ஒரு தடவை கையைத் தட்டுங்க."

"தட்டி?"

"கேளுங்க."

கமலவேணி வீட்டுக்குப் போனாள். ஹாலின் நடுவில் நின்று கையைத் தட்டினாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ராமபத்ரன் நிமிர்ந்தார்.

"என்ன, கொசுவா?"

"பேசாம இருங்க."

மறுபடி தட்டினாள். கை ஒன்று தட்டியது, சுவர் ஒன்று தட்டியது. இத்தனை வருடம் இந்த வீட்டில் இருந்தும் சுவர் பதில் பேசும் என்று அவளுக்குத் தெரியாது. சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் லேசாக முனகின. குளியலறையில் தட்டியதும் தானே திடுக்கிட்டாள். ராமபத்ரன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். படுக்கையறையில் துணி பீரோவின் இரண்டு கதவும் திறந்திருந்தன. அதற்கு நேரே நின்று தட்டினாள்.

சத்தம் கைக்குள்ளேயே நின்றுவிட்டது.

மறுபடி தட்டினாள். அப்படித்தான்.

"எங்க போச்சு?" என்றார் ராமபத்ரன்.

"புடவைக்குள்ள" என்றாள் கமலவேணி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பீரோவைத் திறந்து வைத்து, புடவைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து சோழர்களை வாசித்தாள்.

*

"இப்ப மூச்சை எடுக்கலாமா?"

"வீட்டுல என்னென்ன பேசுது?" என்றாள் ஜெனோவா.

"நானும் அவரும் மட்டும்தான்."

"நீங்க ரெண்டு பேரும் பேசாதப்ப?"

கமலவேணி வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மின்விசிறி கேட்டது. அதை நிறுத்தினாள். அதற்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். அதற்கும் பின்னால் இன்வெர்ட்டர், வண்டு அடைபட்டதுபோல. அதையும் நிறுத்தினாள்.

எல்லாம் அடங்கிய பிறகு ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. எழுந்து வீடு முழுக்கத் தேடினாள். எங்கே போனாலும் கூடவே வந்தது.

அவளுடைய மூச்சு.

அடுத்த முறை அதை ஜெனோவாவிடம் புகாராகவே சொன்னாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள் ஜெனோவா சந்தோஷமாக.

வேறொரு நாள், மைக் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கமலவேணி கேட்டாள்.

"ரகசியம் சொல்ற தூரம் வேண்டாம். தெருவுல கூப்பிடுற தூரமும் வேண்டாம்."

"பின்னே?"

"குழந்தைக்குச் சோறு ஊட்டுற தூரம்."

பிறகு கமலவேணியின் உள்ளங்கையை எடுத்து அவள் வாய்க்கு நேரே பிடித்தாள். "பல்லவர்னு சொல்லுங்க."

"பல்லவர்."

"கையில என்ன பட்டுச்சு?"

"காத்து."

"மைக்குக்கும் அதுதான் பட்டுச்சு." மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி வைத்தாள். "இப்பப் பல்லவர் மைக்கைத் தாண்டிப் போயிடுவாங்க."

குரல் நாளுக்கு நாள் தெளிந்தது. கமலவேணிக்கே தன் பதிவைக் கேட்கப் பிடித்திருந்தது. மூச்சை மட்டும் விடாமல் வெட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

*

ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"வந்த அன்னைக்கு ஒரே ஒரு விஷயம் கேட்டேன். அதைத் தவிர எல்லாத்தையும் சொல்லிக் கொடுக்கிறீங்க."

"எடுக்க முடியலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்திடுவேன்."

"வாசிக்கிறதையா?"

"ஆமா. இப்பதான் எழுத்தைக் கொடுத்தா மெஷினே படிக்குதே. அதுக்குக் கட்டி கிடையாது, ஆபரேஷன் கிடையாது. இப்படிச் சீறாது." கமலவேணியின் கை கழுத்துத் தழும்பின் மேல் போயிற்று. "பசங்களுக்கு அடுத்த மாசம் செமஸ்டர். பாதிப் பாடம் பாக்கி. ஒரு முடிவு தெரியணும் எனக்கு."

ஜெனோவா மைக்கை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"எடுத்த பிறகு யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

கமலவேணி போனை எடுத்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இதைப் பாருங்க. ஒரு பொண்ணு எழுதியிருக்கா."

ஜெனோவா வாங்கிப் படித்தாள். 'இது நிஜமாவே நீங்கதானா மேடம்?'

அதற்குக் கீழே கமலவேணியின் பதிலாக ஒரு கைகூப்பும் படம் இருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"அவ்வளவு சுத்தமா இருக்குன்னு அர்த்தம்."

ஜெனோவா அதை மறுபடி படித்தாள். அதற்குள் பட்டறைச் சங்கு ஊதியது. ஜெனோவா தலையைச் சாய்த்தாள். சங்கு நீண்டு, தேய்ந்து, நின்றது.

"இதையெல்லாம் அவங்க எப்படிக் கேக்கிறாங்க, டீச்சர்?"

"எப்படின்னா? காதாலதான்."

"ஹெட்போன்லயா? ஸ்பீக்கர்லயா? தனியாவா, கூட்டமாவா? எந்த வேகத்துல?"

"வேகமா?"

ஜெனோவா போனில் எதையோ தட்டினாள். கமலவேணியின் குரல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. இரும்புத் தகரத்தில் அரிசி கொட்டியதுபோல இருந்தது.

கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. "இப்படி யார் கேப்பாங்க?"

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதா?"

"எப்படிப் பதிவு பண்ணணும்னு தெரியும். அவங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரிஞ்சுக்கணும்னுதான் இருக்கு." அவள் கண்களில் உண்மையான ஆவல் இருந்தது. "புத்தூர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல் இருக்கு. பார்வையில்லாத காலேஜ் பொண்ணுங்க தங்கிப் படிக்கிறாங்க. வார்டன் எனக்குத் தெரிஞ்சவங்க. போய்க் கேட்டுட்டு வாங்க."

"என்ன கேக்கணும் அவங்ககிட்ட?"

ஜெனோவா சுட்டுவிரலை உதட்டின் மேல் வைத்தாள்.

"ஒண்ணும் கேக்காதீங்க. அவங்க கேக்கிறதைக் கேளுங்க."

"வந்த பிறகும் மூச்சை எடுக்கணும்னு தோணுச்சுன்னா?"

"நானே எடுத்துத் தர்றேன்" என்றாள் ஜெனோவா. "மொத்தமும்."

*

விடுதி பழைய வீடு. படிப்பறை மாடியில் இருந்தது. வார்டன் அற்புதமேரி கமலவேணியை மாடிக்கு அழைத்துப் போய், கதவருகே நின்று குரல் கொடுத்தாள்.

"பொண்ணுங்களா, ஒரு டீச்சர் வந்திருக்காங்க. நீங்க எப்படிப் படிக்கிறீங்கன்னு பாக்கணுமாம். அவங்களுக்குத் தொண்டை சரியில்லை, பேச மாட்டாங்க. ஓரமா உக்காந்திருப்பாங்க. உங்களுக்குச் சம்மதம்தானே?"

"உக்காரட்டும், மதர்" என்றது ஒரு குரல். "நாங்க படிக்கிறதைப் பாத்தா அவங்களுக்குத் தூக்கம்தான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அற்புதமேரி கமலவேணியை ஜன்னலோரம் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

நீண்ட மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் பிரெயில் எழுதும் சட்டமும் புள்ளி குத்தும் ஊசியும் தடித்த தாளும். நடுவில் ஒரு சொம்பு. அதற்குள் ஒரு போனை நிறுத்திவைத்திருந்தார்கள், சத்தம் பெரிதாகக் கேட்க.

சிரிப்பைக் கிளப்பியவள் பேர் ரிஸ்வானா என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. அவள்தான் கையை நீட்டிப் போனைத் தட்டினாள்.

சொம்புக்குள்ளிருந்து அரிசி கொட்டியது.

அது தன்னுடைய குரல், ஆபரேஷனுக்கு முன்பு வாசித்த பாடம் என்று கமலவேணிக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று. இரண்டு மடங்கு வேகம். அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அந்தப் பெண்களோ தலையைக் குனிந்து, சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று ரிஸ்வானா நிறுத்தினாள். எல்லோருடைய ஊசிகளும் தாளில் இறங்கின. டக் டக் டக்கென்று அறை முழுக்க மழை பெய்தது. மழை ஓய்ந்ததும் மறுபடி அரிசி. மறுபடி நிறுத்தம். மறுபடி மழை.

எப்படிச் சரியாக அந்த இடத்தில் நிறுத்துகிறாள் என்று கமலவேணிக்குப் புரியவில்லை. பெஞ்சின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள். உற்றுக் கேட்டாள். நிறுத்துவதற்குச் சற்று முன்னால் ஒரு சின்னச் சத்தம் வந்தது. என்னவென்று தெரியவில்லை.

பாடம் முடிந்தது.

"அடுத்தது விஜயநகரம்" என்றாள் மேசைக் கோடியில் இருந்த குணவதி.

பெருமூச்சுகள் கேட்டன.

"அது மெஷின் படிச்சதாச்சே" என்றாள் ஒருத்தி.

"என்ன பண்றது, மேடம் விஜயநகரம் படிக்கலையே" என்றாள் குணவதி.

கமலவேணி நிமிர்ந்தாள். விஜயநகரத்தை அவள் படித்திருந்தாள். பீரோவைத் திறந்து வைத்து, இன்வெர்ட்டரை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெட்டி ஒட்டிப் போட்ட பாடம் அது.

ரிஸ்வானா போனைத் தட்டினாள். அரிசி கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. ஒருத்தி எழுதத் தொடங்கினாள், தவறவிட்டாள். இன்னொருத்தி "நிறுத்து, நிறுத்து" என்றாள். ரிஸ்வானா நிறுத்தினாள். சொல்லின் நடுவில் நின்றது. பின்னால் தள்ளினாள். வேறெங்கோ போய் விழுந்தது.

"இதுக்குப் பத்தியும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றாள் ரிஸ்வானா எரிச்சலோடு. "ஒரே ஓட்டம்."

"வேகத்தைக் குறை."

"குறைச்சாலும் அப்படித்தான். மேடம்னா எங்க நிறுத்தணும்னு தெரியும்."

அவர்களில் ஒருத்தி விடுதிக்குப் புதிது போலிருக்கிறது. "எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"உனக்கு யாரும் சொல்லலையா?" ரிஸ்வானா அவள் பக்கம் திரும்பினாள். "புதுப் பத்தி தொடங்குறதுக்கு முன்னாடி மேடம் மூச்சு இழுப்பாங்க. முதல்ல உதடு பிரியும், 'ப்ச்'சுன்னு. அப்புறம் மூச்சு. எவ்வளவு வேகமா வச்சாலும் அது கேக்கும். கேட்டதும் நிறுத்திடுவேன். சின்ன மூச்சுன்னா சின்னப் பத்தி. பெருசா இழுத்தாங்கன்னா..."

"போர் வரப்போகுது!" என்றார்கள் இரண்டு மூன்று பேர் ஒரே குரலில்.

"தக்கோலத்துக்கு இழுத்தாங்க பாரு" என்றாள் குணவதி. "நான் பேப்பரையே மாத்திட்டேன்."

கமலவேணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம் ஏன் நிறுத்திட்டாங்க?" என்றாள் புதுப்பெண்.

ஒருத்தி கையிலிருந்த ஊசியை மேசையில் வைத்தாள்.

"தொண்டையில ஆபரேஷன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றாள் ரிஸ்வானா. குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "ரொம்ப நாள் ஒண்ணும் வரலை. அப்புறம் மேடம் குரல்லயே பாடம் வந்துச்சு. நாங்க குதிச்சோம். கேட்டுப் பாத்தா மூச்சே இல்லை. ஒரு பாடம் முழுக்க ஒரு மூச்சு இல்லை. மனுஷங்க அப்படிப் படிக்க முடியுமா?"

"குரலைக் கொடுத்தா அதே மாதிரி மெஷின் பேசும் இல்ல இப்ப? அப்படி யாரோ பண்ணிப் போடுறாங்க" என்றாள் குணவதி.

"அப்ப மேடம்?"

"தெரியலை. நான் ஒருநாள் கேட்டேன், இது நிஜமாவே நீங்கதானான்னு. பதிலுக்குக் கைகூப்புற படம் வந்துச்சு. அவ்வளவுதான். மேடமா இருந்தா ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாங்களா?" ரிஸ்வானா சொம்பைத் தடவிப் போனை வெளியே எடுத்தாள். "அன்னைக்கு நாங்க எல்லாரும் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்தினோம்."

"அன்னைக்கு மெஸ்ல பூரி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "குணவதி சாப்பிடலை."

"பசிக்கலை எனக்கு" என்றாள் குணவதி.

"உனக்கா? பூரி அன்னைக்கா?"

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். குணவதி முன்னால் இருந்த தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கமலவேணிக்குக் கண் முன்னால் எல்லாம் கலங்கியது. உயிரோடு உட்கார்ந்து தனக்கு நடந்த அஞ்சலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜெனோவாவின் விரல் உதட்டின் மேல் இருந்தது நினைவுக்கு வந்தது. அது இங்கே செல்லாது என்று தோன்றியது.

அவர்களிடம் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது? 'நான்தான் உங்க மேடம்' என்றா? 'நான் இருக்கேன்' என்றா? இந்தக் கரகரத்த குரலில் சொன்னால் நம்புவார்களா?

பெஞ்சிலிருந்து எழுந்தாள். பெஞ்சு கிறீச்சிட்டது. மேசையைச் சுற்றியிருந்த தலைகள் லேசாகத் திரும்பின.

"கிளம்பிட்டாங்க போல" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "தூக்கம் வந்திருக்கும்."

"டீச்சர், படி செங்குத்து, பாத்து இறங்குங்க" என்றாள் குணவதி.

கமலவேணி அவர்களைப் பார்த்தபடி நின்றாள். உதடுகளைப் பிரித்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். கிழிந்த சீலையை இன்னும் கிழிப்பதுபோல அது சீறிக்கொண்டு உள்ளே போயிற்று.

அறை நின்றுவிட்டது.

"யாரு?" என்றாள் புதுப்பெண்.

ரிஸ்வானா கையால் துழாவி அவள் வாயைப் பொத்தினாள். அவளுடைய இன்னொரு கை மேசையில் ஊசியைத் தேடியது.

"ஷ்ஷ்" என்றாள். "பத்தி ஆரம்பிக்குது."